கடைமடைக்கு வந்து சேராத சட்டம்

வெறுப்பு அரசியலை அடக்க நாட்டில் சட்டம் போதவில்லை என்று சொல்பவர்கள் நம் பக்கத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். 2025 ஜூலை 31 அன்று மாலேகான் குண்டுவெடிப்பு வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஏழு பேரும் விடுதலையான பிறகு இந்தப் பேச்சு கூடிவிட்டது. 'இவர்கள் மேலும் உபா போடு, அமைப்பைத் தடை செய், புதுச் சட்டம் கொண்டு வா' என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் கோரிக்கை நமக்கு உதவுமா என்று தலித் மக்களாகிய நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

சட்டம் காவிரித் தண்ணீர் மாதிரி. மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்துவிடும். காரைக்கால் கடைமடைக்கு அது வந்து சேருமா என்பது நடுவில் எத்தனை மதகு, எந்த மதகின் சாவி யார் கையில் என்பதைப் பொறுத்தது. அணையை இன்னும் உயர்த்திக் கட்டினால் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது. வலதுசாரித் தீவிரவாதத்தைச் சட்டம் எப்படிக் கையாள்கிறது என்ற கேள்வியையும் நாங்கள் இப்படித்தான் பார்க்கிறோம்.

ஒரு கலவரம், இரண்டு எஃப்.ஐ.ஆர்

பீமா கோரேகானில் நடந்ததை மறுபடி நினைத்துப் பார்ப்போம். 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மகர் வீரர்கள் இருந்தார்கள். அதன் நினைவுத் தூணுக்கு 1927-ல் அம்பேத்கர் வந்தார். ஆண்டுதோறும் அதே நாளில் மக்கள் அங்கே கூடுகிறார்கள். 2018-ல் இருநூறாவது ஆண்டு. வந்த மக்கள் மீது கல்வீச்சும் தாக்குதலும் நடந்தன, வண்டிகள் எரிந்தன, ஒருவர் உயிரிழந்தார்.

ஜனவரி 2 அன்று பிம்ப்ரி காவல் நிலையத்தில் ஒரு பெண் புகார் கொடுத்தார். மிலிந்த் எக்போடே, சம்பாஜி பிடே என்ற இரண்டு இந்துத்துவத் தலைவர்களின் பெயர் அதில் இருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் இருந்தன. இது முதல் எஃப்.ஐ.ஆர். ஜனவரி 8 அன்று புனே விஷ்ராம்பாக் காவல் நிலையத்தில் இன்னொன்று பதிவானது. கலவரத்துக்கு முந்தின நாள், 2017 டிசம்பர் 31 அன்று, சனிவார் வாடாவில் நடந்த எல்கார் பரிஷத் கூட்டத்தில் பேசியதும் பாடியதும்தான் கலவரத்தைத் தூண்டின என்றது அந்தப் புகார். இது இரண்டாவது எஃப்.ஐ.ஆர்.

முதல் எஃப்.ஐ.ஆர் என்ன ஆனது? உச்ச நீதிமன்றம் முன்ஜாமீன் மறுத்த பிறகுதான், மார்ச் 14 அன்று, எக்போடே கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே ஜாமீனில் வெளியே வந்தார். பிடே கைது செய்யப்படவே இல்லை. அவருக்கு எதிராக ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2022-ல் காவல்துறை மாநில மனித உரிமை ஆணையத்திடம் சொல்லிவிட்டது.

இரண்டாவது எஃப்.ஐ.ஆர் என்ன ஆனது? அதில் உபா சேர்ந்தது. 2018 ஜூன் 6 அன்று ஐந்து பேர், ஆகஸ்ட் 28 அன்று ஐந்து பேர் என்று தொடங்கி மொத்தம் பதினாறு பேர் கைதானார்கள். வழக்கறிஞர், பேராசிரியர், கவிஞர், தலித் பத்திரிகையாளர், பாதிரியார் எல்லாரும் அந்தப் பதினாறில் உண்டு. 2020 ஜனவரியில் ஒன்றிய அரசு வழக்கை என்.ஐ.ஏ.வுக்கு மாற்றியது. கூட்டத்தை நடத்தியது நாங்கள்தான் என்று உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி பி.பி. சாவந்தும் உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கோல்சே பாட்டீலும் வெளிப்படையாகவே சொன்னார்கள். அதற்குப் பிறகும் வழக்கின் போக்கு மாறவில்லை.

ஆனந்த் டெல்டும்ப்டே அம்பேத்கரின் பேத்தியின் கணவர். சாதியைப் பற்றி நம் காலத்தில் மிக ஆழமாக எழுதியவர்களில் ஒருவர். 2020 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் பிறந்த நாளில், சரணடைந்தார். பயங்கரவாதச் செயலில் ஈடுபட்டதற்கு முதல் நோக்கில் ஆதாரம் இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லி ஜாமீன் கொடுத்தது 2022 நவம்பரில். அவர் சிறையிலிருந்து வெளியே வந்தது நவம்பர் 26, அரசியலமைப்பு நாள். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமி கைகள் நடுங்கும் பார்க்கின்சன் நோயாளி. தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், விசாரணைக் கைதியாகவே இறந்தார். சுதிர் தவாலேவும் ரோனா வில்சனும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு 2025 ஜனவரியில்தான் ஜாமீன் பெற்றார்கள். அதுவரைக்கும் விசாரணை தொடங்கவில்லை.

பிடேயும் எக்போடேயும் குற்றவாளிகள் என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. முதல் எஃப்.ஐ.ஆரில் ஆதாரம் தேடிய கை இத்தனை தளர்வாகவும், இரண்டாவதில் தேடிய கை இத்தனை இறுக்கமாகவும் இருந்தது ஏன் என்றுதான் கேட்கிறோம். அரசியலமைப்பும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இரண்டுக்கும் ஒன்றே.

நமக்கு இது புதிதா?

காரைக்காலைச் சுற்றியிருக்கும் மண்ணுக்கு இது பழைய கதை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். நிலக்கிழார்கள் தங்களுக்கென்று நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்திருந்தார்கள். அந்த இரவிலும் வழக்குகள் இரண்டு. எரித்த வழக்கில் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோரை நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வசதியும் அந்தஸ்தும் உள்ள மிராசுதாரர்கள் தாங்களே நேரில் போய் இதைச் செய்திருப்பார்களா என்ற சந்தேகம் அவர்களுக்குச் சாதகமாக நின்றது. அதே இரவில் நிலக்கிழார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் விவசாயத் தொழிலாளர்கள் தண்டனை அனுபவித்தார்கள்.

பீகாரில் ரன்வீர் சேனா என்ற நிலக்கிழார் படை இருந்தது. 'தடை செய்' என்று கேட்கும் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். பீகார் அரசு அந்தப் படையை 1995-லேயே தடை செய்துவிட்டது. தடைக்குப் பிறகுதான் 1996-ல் பதானி தோலா, 1997 டிசம்பர் 1 அன்று லட்சுமண்பூர் பாதே. பாதேயில் மட்டும் 58 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2010-ல் கீழ் நீதிமன்றம் 26 பேரைத் தண்டித்தது. 2013 அக்டோபரில் பாட்னா உயர் நீதிமன்றம் 26 பேரையும் விடுதலை செய்தது. அந்தப் படைக்கும் அரசியல்வாதிகளுக்கும் இருந்த தொடர்பை விசாரித்த அமீர் தாஸ் ஆணையத்தை 2006-ல் அரசே கலைத்தது. தடை உத்தரவு இருந்தது. ஆனால் கொலையைத் தடுக்கவும், கொன்றவர்களைத் தண்டிக்கவும், பின்னால் நின்றவர்களைக் காட்டவும் அந்தத் தாளால் முடியவில்லை.

இது இந்தியாவுக்கு மட்டும் வந்த நோயும் இல்லை. முதல் உலகப் போருக்குப் பிந்திய ஜெர்மனியில் எமில் கும்பெல் என்ற புள்ளியியல் அறிஞர் அரசியல் கொலைகளை உட்கார்ந்து எண்ணினார். 1922-ல் வெளியிட்ட கணக்கில் வலதுசாரிகள் செய்த கொலை 354, இடதுசாரிகள் செய்தது 22. அந்த 354-ல் 326 கொலைகளுக்குத் தண்டனையே இல்லை. 22-ல் தண்டனை இல்லாமல் போனவை 4. ஆட்சியைக் கவிழ்க்கக் கிளம்பிய ஹிட்லருக்கு 1924 ஏப்ரலில் ஐந்து ஆண்டுச் சிறை விதித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வெளியே விட்டுவிட்டார்கள். அங்கேயும் சட்டப் புத்தகம் ஒன்றுதான். நீதிபதிகளும் காவல்துறையும் யாரை 'நம்ம ஆள், கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டான்' என்று பார்த்தார்கள், யாரை 'நாட்டுக்கு எதிரி' என்று பார்த்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

உபா கேட்பவர்களுக்கு

மாலேகானுக்கு வருவோம். 2008 செப்டம்பர் 29 அன்று ஆறு பேர் இறந்தார்கள், சுமார் நூறு பேர் காயமடைந்தார்கள். அந்த வழக்கில் உபா ஏற்கெனவே இருந்தது. ஆனால் உபாவில் வழக்கு நடத்த அரசு கொடுத்த அனுமதி ஆணையே முறையாக இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆதாரமும் போதவில்லை என்றது. குற்றம் சாட்டப்பட்டவர்களிடம் மென்மையாக நடந்துகொள்ளும்படி என்.ஐ.ஏ. தரப்பிலிருந்து தனக்குச் சொல்லப்பட்டதாக, அந்த வழக்கின் அரசுச் சிறப்பு வழக்கறிஞராக இருந்த ரோகிணி சாலியான் 2015-லேயே வெளிப்படையாகச் சொன்னார். விசாரிப்பவருக்கு மனம் இல்லாவிட்டால் உபாவும் வெறும் இரண்டெழுத்துதான்.

நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். பில்லி சூனியத்துக்கும் மூடநம்பிக்கைக்கும் எதிராக வாழ்நாளெல்லாம் உழைத்தவர். 2024 மே 10 அன்று புனே நீதிமன்றம், சுட்ட இருவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மூன்று பேரை விடுவித்தது. உபா குற்றச்சாட்டு நிற்கவில்லை. கொலைக்குப் பின்னால் இருந்த மூளை வேறு யாரோ, அதைப் புலனாய்வு அமைப்புகள் கண்டுபிடிக்கவில்லை என்று நீதிமன்றமே வருத்தப்பட்டது.

நாங்கள் சமூகப் பணியில் அன்றாடம் பார்ப்பதும் இதைத்தான். ஊர்வலத்தில் கொடி பிடிக்கும் பையன் யார்? கைபேசிக்கு மாதத் தவணை கட்டும் கூலி வீட்டுப் பிள்ளை. சில நேரம் நம் சேரிப் பையனே. அவனுக்கு ஒரு பனியன், ஒரு பைக், 'நீ வீரன்' என்று சொல்ல ஒரு அண்ணன். கல்லெறி நடந்தால் கேமராவில் விழுவது அவன் முகம். வழக்கு, வாய்தா, பாஸ்போர்ட் மறுப்பு எல்லாம் அவனுக்கு. வளைகுடா வேலை போச்சு. பேச்சாளர் அடுத்த ஊர் மேடைக்குப் போய்விடுவார். கையைப் பிடித்துவிட்டுத் தலையை விட்டுவிடுகிற சட்டத்துக்குக் கடுமை கூடக்கூட, அந்தக் கடுமையும் கையின் மேல்தான் விழும்.

அதனால் உபாவை அவர்கள் மேலும் போடு என்று கேட்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. விசாரணையே தண்டனையாக மாறும் ஒரு சட்டத்துக்கு நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்தக் கையெழுத்தை வைத்தே நாளைக்கு நம் ஊர் சங்கத்துக்காரர் மேல் அதைப் போடுவார்கள். ஸ்டேன் சுவாமியின் உயிரைக் கொடுத்து நாம் கற்ற பாடம் அது.

சாதாரணச் சட்டம் வேலை செய்த இடம்

அப்படியென்றால் எதுவுமே நடக்காதா? நடந்திருக்கிறது. கோகுல்ராஜ் வழக்கைப் பாருங்கள். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை என்று ஜோடித்திருந்தார்கள். முதல் குற்றவாளியான யுவராஜ் ஒரு சாதி அமைப்பின் தலைவர். தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸப்பில் ஆடியோ அனுப்பிக்கொண்டிருந்தார், அதைக் கேட்டுக் கைதட்ட ஒரு கூட்டமும் இருந்தது. வெறுப்புத் தீவிரவாதம் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த வழக்கில் உபா இல்லை. கொலை, கடத்தல், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், அவ்வளவுதான். ஆனால் ஒரு தாய் விடவில்லை. வழக்கு நாமக்கல்லில் இருந்து மதுரைக்கு மாறியது. சிறப்பு வழக்கறிஞராக ப.பா. மோகன் வந்தார். முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும் கோயில் கேமராப் பதிவை வைத்து வழக்கு நின்றது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. தலையையே பிடித்த வழக்கு இது. இடத்தை மாற்றியதும், வழக்கறிஞரை மாற்றியதும், ஆதாரத்தைக் காப்பாற்றியதும்தான் மதகைத் திறந்தன.

காரைக்காலில் நம் கையில் இருப்பது

'இங்கே அப்படிப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லையே' என்று சிலர் கேட்கலாம். நடப்பதற்கு முன்னால் பேசத்தானே தடுப்புச் சட்டம் என்று பெயர்? காரைக்காலில் தர்காவுக்குப் போகும் இந்துவும், மாங்கனித் திருவிழாவில் கடை போடும் முஸ்லிமும் இன்னும் இருக்கிறார்கள். அது தானாகவே நிலைத்துவிடும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. வாட்ஸப்புக்கு எல்லைச் சாவடி கிடையாது.

நம் ஊரின் அமைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். சட்டமன்றம் நமக்கு உண்டு, ஆனால் துணைநிலை ஆளுநர் ஒன்றிய அரசு நியமிப்பவர். 2021-ல் அமைந்த கூட்டணி அரசில் உள்துறை பா.ஜ.க. அமைச்சர் கைக்குப் போனது. மதங்களுக்கிடையே பகை மூட்டுவதற்கான பாரதிய நியாய சன்ஹிதா 196, பழைய 153ஏ, வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க வேண்டுமானால் அரசின் முன் அனுமதி வேண்டும். அனுமதிக் கோப்பு எந்த மேசைகளைத் தாண்டிப் போக வேண்டும் என்று யோசித்தால் மதகு எங்கே இருக்கிறது என்று புரியும்.

2023 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் ஓர் உத்தரவு போட்டது. வெறுப்புப் பேச்சு என்றால் புகாருக்குக் காத்திருக்காமல், பேசியவர் எந்த மதம் என்று பார்க்காமல், காவல்துறை தானாகவே வழக்குப் பதிய வேண்டும், தவறினால் நீதிமன்ற அவமதிப்பு. இது புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சேர்த்துப் போட்ட உத்தரவு. அனுமதி வேண்டியது நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கத்தானே ஒழிய, எஃப்.ஐ.ஆர் போட யாருடைய அனுமதியும் வேண்டாம். 'மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்' என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அதைவிட நமக்கு நெருக்கமான கருவி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 'பிசிஆர் கேஸ்' என்று ஊரில் சொல்லிச் சொல்லி, சாதிப்பெயர் சொல்லித் திட்டினால் போடுவது என்று மட்டும் நினைத்துவிட்டோம். 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தில் பிரிவு 3(1)(யு) இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீது பேச்சாலோ எழுத்தாலோ படத்தாலோ பகையை வளர்ப்பது குற்றம், ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. அடுத்த பிரிவு, 3(1)(வி), நாம் உயர்வாக மதிக்கும் மறைந்த தலைவர்களை இழிவுபடுத்துவதற்கு. அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டால் இந்தப் பிரிவு. 196-க்கு வேண்டிய அந்த அரசு அனுமதி இவற்றுக்கு வேண்டாம். நடு மதகு ஒன்று குறைகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 3(1)(யு) ஒரு தனி ஆளைத் திட்டியதற்கு வராது, சமூகத்தின் மீதே பகை மூட்டியிருக்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே புகாரில் 'இழிவாகப் பேசினார்' என்று பொதுவாக எழுதாதீர்கள். என்ன சொன்னார், யாரைப் பற்றிச் சொன்னார், எத்தனை பேர் முன்னால் சொன்னார் என்று சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். ஆடியோ வந்திருந்தால் அது வந்த கைபேசியை அப்படியே பத்திரப்படுத்துங்கள். பார்வர்டு செய்துவிட்டு அழித்துவிட்டால் ஆதாரம் போயிற்று.

முதல்கட்ட விசாரணை என்ற பேச்சு வரும். புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்குப் பதினான்கு நாள் முதல்கட்ட விசாரணை செய்ய இடம் கொடுத்திருக்கிறார்கள். இதை நாங்கள் மொத்தமாக எதிர்க்கவில்லை. ஒரு கவிதையைப் பகிர்ந்ததற்காக நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத்தில் போட்ட வழக்கை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, பேச்சு தொடர்பான புகாரில் காவல்துறை இந்த விசாரணையைச் செய்து பார்த்திருக்க வேண்டும் என்று சொன்னது. நம் கவிஞர்களையும் காக்கும் வேலி அது. ஆனால் வன்கொடுமைச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. 2018 மார்ச் 20 தீர்ப்பு இந்தச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தபோது, ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் தலித் மக்கள் தெருவில் இறங்கினார்கள், உயிர்கள் போயின. அந்தப் போராட்டத்தால் வந்ததுதான் 18ஏ பிரிவு. எஃப்.ஐ.ஆருக்கு முன் முதல்கட்ட விசாரணை தேவையில்லை என்று அது சொல்கிறது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவை ஏற்றுக்கொண்டது.

அடுத்தது எல்லைச் சிக்கல். திருநள்ளாற்றுப் பக்கம் குடியிருந்து தமிழ்நாட்டு வயலில் நடவுக்குப் போகும் பெண்கள் ஒரு நாளில் இரண்டு முறை மாநிலம் மாறுகிறார்கள். தாக்குதல் நடந்தால் 'அது அந்த எல்லை' என்று இரண்டு பக்கமும் கை காட்டுவது நம் மக்களுக்குப் பழகிப்போன பதில். எல்லையைக் காரணம் காட்டி எஃப்.ஐ.ஆர் மறுக்க முடியாது என்று இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. பீமா கோரேகானின் முதல் புகார்கூட பிம்ப்ரியில் ஜீரோ எஃப்.ஐ.ஆராகப் பதிவாகித்தான் சம்பவ இடத்து நிலையத்துக்குப் போனது. 'உன் சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டுது, இங்கே செல்லாது' என்றும் சொல்வார்கள். சொந்த மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவருக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு நாட்டில் எங்கே போனாலும் உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023-ல் தீர்ப்பளித்தது. அது நம் உயர் நீதிமன்றத்தைக் கட்டாது என்றாலும், எடுத்து வைக்க வலுவான வாதம். இடஒதுக்கீட்டுக்கு எல்லை உண்டு, இழிவுக்கு எல்லை இல்லை. அப்படியிருக்கப் பாதுகாப்புக்கு மட்டும் எல்லை எப்படி வரும்?

கடைசியாக, மதகின் சாவி வைத்திருப்பவர். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு இதே சட்டத்தின் 4-வது பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தண்டனை உண்டு. எஃப்.ஐ.ஆர் போடாததும், புகாரை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவதும் அதில் வரும். துறை விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்று ஒரு பூட்டும் போட்டிருக்கிறார்கள். ஆகவே மறுப்பை எழுத்தில் வாங்கிப் பழக வேண்டும், பதிவுத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்பிப் பழக வேண்டும். ஜாமீன் மனு வரும்போது பாதிக்கப்பட்டவரிடம் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்று 15ஏ பிரிவு சொல்கிறது. நமக்குத் தெரியாமலே ஜாமீன் போய்விட்டது என்று புலம்புவதற்கு முன்னால் அந்த உரிமையைக் கேட்டு வாங்க வேண்டும்.

நமக்கும் அதே அளவுகோல்தானா என்று எதிர்த்தரப்பில் கேட்பார்கள். ஆம், அதே அளவுகோல்தான். சாதியை, சனாதனத்தை, ஒரு நூலை, ஒரு கடவுள் கருத்தை விமர்சிப்பது பேச்சுரிமை. ஒரு மக்கள் கூட்டத்தை அடி, விரட்டு, கடையில் வாங்காதே என்று சொல்வது குற்றம். நம் மேடையில் ஒருவர் இரண்டாவதைச் சொன்னாலும் குற்றமே. இந்தக் கோட்டை நாம் தெளிவாக வைத்திருந்தால்தான் மற்றவர்கள் அதை அழிக்கும்போது நம்மால் சுட்டிக்காட்ட முடியும்.

ஆகவே நாங்கள் கேட்பது சின்னப் பட்டியல்தான். வெறுப்புப் பேச்சு வழக்குகளில் அரசின் அனுமதிக்குக் கால வரம்பு வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவர் கேட்கும் வழக்கறிஞரை நியமிக்க வேண்டும், கோகுல்ராஜ் வழக்கின் பாடம் அது. எல்லையோர நிலையங்கள் இரண்டு பக்கமும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

சட்டத்தின் விதிகள்படி மாவட்ட அளவில் ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையில் ஒன்று, ஆண்டுக்கு இரண்டு முறை. நம் மாவட்டக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள், எத்தனை வழக்கைப் பார்த்தார்கள்? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்கக்கூடிய கேள்விகள் இவை. நெடுங்காட்டிலிருந்து நிரவி வரை, கோட்டுச்சேரியிலிருந்து திருப்பட்டினம் வரை ஒவ்வொரு கொம்யூனிலிருந்தும் ஒரு மனு போகட்டும். கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் தானாக வந்ததில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மேலேயே நடந்து போய், அடைத்த இடத்தைப் பார்த்துத்தான் நம் தாத்தாக்கள் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.